அக்காகிட்ட கேளுங்க: தாம்பரத்துல எறங்கி வண்டி மாறும்மா!

கேள்வி: அக்கா, 2020 மார்ச்ல லாப்டாப்ப தூக்கிட்டு வீட்டுக்கு வந்தவ நான். இனிமே வீட்லேர்ந்துதான் வேலைன்னு நம்பி, வேளச்சேரி வாடகை வீட்ட காலி பண்ணிட்டு கூடுவாஞ்சேரில லோன் போட்டு ஃப்ளாட் வாங்கிட்டோம். இப்ப வாரத்துல மூணு நாள் தரமணி ஆபீஸுக்கு வந்தே ஆகணுமாம். கிண்டி வரைக்கும் ட்ரெயின், அப்புறம் ஷேர் ஆட்டோ, போக வர மூணு மணி நேரம். அங்க போயும் ஹெட்போன மாட்டிக்கிட்டு பெங்களூர் டீமோடதான் பேசறேன்! வீட்டுக்கு வந்தா எல்லார் மேலயும் எரிஞ்சு விழறேன். வேலைய விட்டுடலாமா?
- வாசகி, கூடுவாஞ்சேரி

பதில்: லோன் இருக்கறப்ப வேலைய விடற பேச்ச ஆபீஸ்லேர்ந்து வந்த ராத்திரி எடுக்காதம்மா, ஞாயித்துக்கிழமை சாப்ட்டு தூங்கி எழுந்தப்புறம் எடு.

மொதல்ல ட்ரெயின். செங்கல்பட்டு வண்டி உன் ஸ்டேஷனுக்கு வர்றப்பவே ரொம்பிதான் வரும், அதுலயே கிண்டி வரைக்கும் நசுங்கிட்டு போகாத, தாம்பரத்துல எறங்கிடு, அங்கேர்ந்தே கெளம்பற சென்னை பீச் ஸ்டேஷன் வண்டி நெறய இருக்கு, பத்து நிமிஷம் லேட்டானாலும் உக்காந்து போகலாம். ஒரே வண்டிய ஒரு மாசம் விடாம புடிச்சேன்னா லேடீஸ் கோச்சுல உனக்குன்னு ஒரு செட் சேந்துடும், பூ கட்டறவங்க, கீரை ஆயறவங்க, மருமகள திட்டறவங்கன்னு. (எங்க செட் கொரோனால கலைஞ்சதுதான், 2020ல மாசக்கணக்கா சாதாரண ஜனங்க லோக்கல்ல ஏறவே முடியலயே, அதுல ரெண்டு பேர் வேலை போய் ஊருக்கே போய்ட்டாங்க, இன்னிக்கும் அந்த சீட்ட பாத்தா ஒரு மாதிரி இருக்கும்.) உக்காந்து போற அந்த அரை மணி நேரத்துல லாப்டாப்ப மட்டும் தெறக்காத.

மூணு நாளுக்கு எதுக்கு சீசன்னு நெனக்காத. மாசம் 12 நாள் போய்ட்டு வந்தா 24 டிக்கெட், அந்த காசயும் சீசன் காசயும் ஒரு தடவ கணக்கு போட்டு பாரு. 2025 ஏப்ரல்லேர்ந்து ஏசி வண்டியும் ஓடுது, ஆனா அதுல கொறஞ்ச டிக்கெட்டே 35 ரூபா, சாதா சீசன் செல்லாது, ரொம்ப முடியாத நாளுக்கு வெச்சுக்கோ.

மேனேஜர்கிட்ட கஷ்டமா இருக்குன்னு போய் நிக்காத, அவருக்கும் கஷ்டம்தான். கேலண்டர தெறந்து காட்டு, பெங்களூர் கால் எல்லாத்தயும் வீட்ல இருக்கற ரெண்டு நாளுக்கு தள்ள முடியுமான்னு கேளு. பாதி நகந்தாலும் லாபம்.

அப்புறம் இந்த எரிஞ்சு விழற கதை, அது ட்ரெயினால மட்டும் வர்றது இல்லன்னு எனக்கு தோணுது. நீ வீட்ல இருந்த வருஷங்கள்ல பதினோரு மணி காபி, கேஸ்காரருக்கு கதவு தெறக்கறது, புள்ளைங்க ஹோம்வொர்க் எல்லாம் ஒவ்வொண்ணா உன் தலைல வந்து உக்காந்திருக்கும். நீ ஆபீஸுக்கு திரும்பிட்ட, அதெல்லாம் எறங்கல. இதுல வீட்டுக்காரர் பேரு கடுதாசில ஒரு எடத்துலயும் வரலயே, அவரு எங்க? ஆபீஸ் நாள்ல ராத்திரி சாப்பாடு அவரோடதுன்னு சொல்லிடு, மாவு இருந்தா தோசை ஊத்த தெரியாதா என்ன.

கேள்வி: ட்ரெயின்ல நான் மட்டும்தான் இன்னும் மாஸ்க் போடறேன், வீட்ல அப்பாவுக்கு நுரையீரல் பிரச்சன. ஆபீஸ்ல கிண்டல் பண்றாங்க. ஒரே மாஸ்க்கத்தான் மூணு நாள் பாக்கெட்ல வெச்சு போடறேன். இன்னும் போடணுமா அக்கா?
- வாசகர், ஆவடி

பதில்: போடுங்க தம்பி. 2022லகூட மாஸ்க் இல்லன்னா 500 ரூபா ஃபைன்னு சொன்னப்ப இதே கிண்டல்காரங்கதான் பாக்கெட்ல தேடி எடுத்து மாட்டினாங்க. ஆனா அந்த மூணு நாள் மாஸ்க்க மொதல்ல தூக்கி குப்பைல போடுங்க.