சென்னையில் உப்புத்தண்ணீர் டேங்க்கில் அக்ரோபோரா மாதிரி கிளைப்பவளம் வளர்க்க முடியுமா? எப்படிப் பராமரிப்பது?

லைட், சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) விலையெல்லாம் விசாரிப்பதற்கு முன்னால் சட்டத்தைப் பாருங்கள். பாறை கட்டும் கல் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடா சரக்கு என்று யாராவது ரகசியமாக நீட்டினால் தொடவே தொடாதீர்கள். இறக்குமதி என்று சொன்னாலும் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வர்த்தகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) பேப்பரைக் கேட்டுவிட்டு, வனத்துறையில் எழுத்து மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

நான் அக்ரோபோரா வளர்த்தது துபாயில் வேலையில் இருந்தபோது. இங்கே பெரம்பூர் வீட்டில் மீன் மட்டும்தான், ஆனால் இந்த ஊர் வெயிலும் தண்ணீரும் டேங்க்கை என்ன பாடு படுத்தும் என்று நன்றாகவே தெரியும்.

25, 26 டிகிரி வெப்பம் வேண்டும். சம்ப் (டேங்க்கோடு இணைந்த ஃபில்டர் தொட்டி) மேல் ஃபேன் வைத்தால் போதும் என்பார்கள், அது தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது, நம் ஊர்ப் புழுக்கத்தில் எவ்வளவு ஆவியாகிவிடும்? சில்லர் வேண்டும். கரண்ட் போனால் சாதாரண வீட்டு இன்வர்ட்டர் சில்லரைத் தாங்காது, தண்ணீரை அசைக்கும் வேவ்மேக்கரையாவது அதில் போடுங்கள், தண்ணீர் அசையாமல் நின்றால் ஆக்சிஜன்தான் முதலில் குறையும்.

உப்பு கலக்க எடுக்கும் தண்ணீர் என்றால் ஆர்ஓ-டிஐ (ஆர்ஓவுக்குப் பிறகு மிச்ச உப்பையும் ரெசினில் நீக்கியது), டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்யம். சமையலறை ஆர்ஓவில் பெரும்பாலும் ருசிக்காக மினரல் சேர்ப்பார்கள் அல்லது கொஞ்சம் குழாய்த் தண்ணீரையே கலந்துவிடுவார்கள், அது உதவாது. பெசன்ட் நகரில் குடத்தைப் போட்டுக் கடல் தண்ணீர் எடுக்கலாமே என்பவர்களுக்கு: பக்கத்திலேயே அடையாறு கலக்கிறது சார்.

இனி முக்கியமானது, கேஎச், அதாவது தண்ணீரில் இருக்கும் கார்பனேட்டின் அளவு. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. கேஎச் 1 டிகிரி குறையும்போது கால்சியம் சுமார் 7 பிபிஎம்தான் குறையும். டேங்க்கில் கால்சியம் 420 இருந்து அதில் 7 போனால் உங்கள் டெஸ்ட் கிட்டுக்கே சரியாகத் தெரியாது, ஆனால் 8 இருந்த கேஎச் 7 ஆனால் உடனே தெரியும். அதனால் கால்சியத்தை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும், கேஎச்சைத் தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். 7 முதல் 9 வரை எந்த எண்ணும் சரிதான், ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். ஒரே நாளில் 1 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். பவளம் தினம் எவ்வளவு குடிக்கிறது என்று பிடிபட்டதும், அளந்து தானாக ஊற்றும் டோஸிங் பம்ப்பிடம் விட்டுவிடலாம். மெக்னீசியம் 1300 பிபிஎம் பக்கம் இருக்கட்டும், குறைந்தால் நீங்கள் ஊற்றும் கால்சியம் பம்ப்பிலும் ஹீட்டரிலும் சுண்ணாம்பாகப் படியும்.

நைட்ரேட், பாஸ்பேட்டைப் பூஜ்யமாக்க அலையாதீர்கள், பவளத்துக்கும் சாப்பாடு வேண்டும். அடியோடு வழித்த தண்ணீரில் கேஎச்சையும் ஏற்றி வைத்தால் கிளை நுனி கருகும். லைட்டுக்கு, பவளத்துக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் பார் (PAR) மீட்டர் கிடைத்தால் இரவல் வாங்கி 200-300 இருக்கும் இடத்தில் ஆரம்பியுங்கள். ஒரே பக்கம் அடிக்கும் ஓட்டம் கூடாது, மாறி மாறி அடிக்க வேண்டும்.

அப்புறம், அடியிலிருந்து சதை உரிந்து வெள்ளையாக ஏற ஆரம்பித்தால் மருந்து தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். நல்லபடியாக இருக்கும் நுனிகளை உடனே வெட்டி எடுத்துத் தனி ஃபிராக்காக (வெட்டி வளர்க்கும் துண்டாக) ஒட்டிவிட்டு, கேஎச்சையும் வெப்பத்தையும் ஒரு தடவை பாருங்கள்.