வளவு வீட்டில் விமானம் கட்டலாமா?

தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். லேத் பட்டறை வைத்திருக்கிறாராம், பூர்வீகச் செட்டிநாட்டு வளவு வீட்டின் (நடுவே திறந்த முற்றம் உள்ள பழைய வீடு) இரண்டாங்கட்டு காலியாகக் கிடக்கிறதாம். இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானத்தை வரைபடம் வாங்கி அங்கேயே கட்டலாமா, தகட்டை மதுரையில் வாங்கிக்கொள்ளலாமா, எதிலிருந்து ஆரம்பிப்பது என்கிறார்.

தாராளமாகக் கட்டலாம். ஆனால் தகடு மட்டும் கண்ட கடையில் வேண்டாம். பாத்திரத் தகடு பெரும்பாலும் மிருதுவான ரகம், ஜன்னலுக்கு வருவது 6063 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவை. விமானத்துக்குக் கேட்பது 6061-T6 அல்லது 2024-T3. ஜன்னல் ரகத்தின் பலம் 2024-T3-இல் ஏறக்குறைய பாதிதான் தேறும், ஆனால் எல்லாம் ஒரே வெள்ளி நிறம்தான், கையில் எடுத்துப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மில் சர்டிபிகேட்டும் (தகடு செய்த ஆலை தரும் தரச் சான்று) தகட்டின் மேலேயே அச்சிட்ட ரக எண்ணும் இல்லாமல் ஒரு துண்டைக்கூட இறக்கையில் சேர்க்காதீர்கள், கடைக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி.

அப்புறம் வீடு. முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி. பத்தடிக்கு மேல் நீளமான இறக்கையைக்கூட விளிம்பில் நிறுத்தி இரண்டு பேர் நேராகத் தெருவுக்குக் கொண்டுபோய்விடலாம். உடல் பகுதி அப்படி வராது. கேபின் அகலமே மூன்றரை அடியைத் தொடும், தேக்கு நிலையின் உள் அளவை இன்றைக்கே டேப் வைத்துப் பாருங்கள். இடிக்கிற மாதிரி இருந்தால் உடலைக் கொல்லைப்புறத்தில் ஒரு தகரக் கொட்டகையில் கட்டுங்கள், நிலையைக் கழற்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இன்னொன்று, தகட்டைச் சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது. பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிரும், அது காரம், ஐப்பசி கார்த்திகை ஈரமும் சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துவிடும். தகடுகளுக்கு நடுவே உலர்ந்த காகிதம் போட்டு, வளவின் திறந்த முற்றத்துச் சாரல் படாத இடத்தில் மர ராக்கில் அடுக்குங்கள். லேத்தில் இரும்பு ராவிய அரமும் கம்பி பிரஷும் இந்தப் பக்கமே வரக் கூடாது. இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்தால் அந்த இடத்திலேயே அரிப்பு பிடிக்கும். காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953 முதல் ஆராய்ந்துவரும் விஷயங்களில் அரிப்பும் ஒன்று, உங்கள் ஊர்ப்பக்கம் இதைத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தகட்டில் கோடு போடவும் கூர்ஊசி வேண்டாம், கீறல் விழுந்த இடம்தான் பின்னால் விரிசல் விடும். மெல்லிய மார்க்கர் போதும்.

இனி ரிவிட், அதாவது தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி. வேலையில் பெரும்பகுதி இதுதான், ஒரு விமானத்தில் ஆயிரக்கணக்கில் வரும். 1/8 அங்குல ரிவிட்டுக்கு 30-ஆம் எண் பிட், அதாவது 3.26 மி.மீ. துளை. துளையின் மையம் தகட்டு விளிம்பிலிருந்து ரிவிட் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது, அதாவது 6.4 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். அடித்துப் பொருத்தும் திட ரிவிட்டானால், அதன் நீளம் என்பது தகடுகளின் மொத்தக் கனத்தோடு விட்டத்தில் ஒன்றரைப் பங்கு. அடித்து முடித்ததும் பின்பக்கத் தலை 4.8 மி.மீ. அகலமும் 1.6 மி.மீ. உயரமும் இருந்தால் சரியான அடி. துளை போட்டதும் தகடுகளைப் பிரித்து இரண்டு பக்கமும் பிசிறை எடுங்கள், எடுக்காவிட்டால் தகடுகள் ஒட்டி உட்காராது, நடுவே ரிவிட் பிதுங்கி நிற்கும். மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய கைக்கு இதெல்லாம் சீக்கிரம் வந்துவிடும்.

உதவிக்கு ஆள் இல்லையென்றால் ஜெனித் சிஎச் 750 மாதிரி, ஒரு பக்கத்திலிருந்தே இழுத்துப் பொருத்தும் இழுவை ரிவிட்டில் கட்டும் விமான வடிவத்தைப் பாருங்கள், பெரும்பாலும் 6061-T6 தகடு, ஒருவரே செய்யலாம். வான்ஸ் ஆர்வி-7 போன்றவற்றில் திட ரிவிட், ஒருவர் ரிவிட் அடிக்கும் துப்பாக்கியைப் பிடிக்க, இன்னொருவர் பின்னால் இரும்புக் கட்டை தாங்க வேண்டும். உங்களுக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன்.

இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ரசமட்டம் மட்டும் போதாது, இரண்டு முனையிலும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு நூலோடு நூல் பாருங்கள். கொத்தனாரிடம் இருப்பதே போதும்.

அனுமதி விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ் 2016-இல் அதைக் காட்சிக்கு வைத்தார், பதிவு 2017-இல் கிடைத்தது, பறந்து பார்க்கும் அனுமதி 2019-இல்தான். வடிவத்தை முடிவு செய்ததும் டிஜிசிஏவுக்கு (சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம்) எழுதுங்கள், எந்தக் கட்டத்தில் யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். மூடிய இறக்கைக்குள் என்ன செய்தீர்கள் என்பதைக் காட்ட, ஒவ்வொரு நாள் வேலையையும் படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். செட்டிநாட்டுப் பழைய ஓடுதளத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள், அது பயன்பாட்டில் இல்லை.

ஆரம்பம் வால் சுக்கானிலிருந்து. ஜெனித்தில் அதைத் தனிக் கிட்டாகவே தருகிறார்கள். இன்ஜினுக்கு இப்போது ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம். சுக்கான் நேராக வந்த பிறகு படங்களோடு எழுதுங்கள், இறக்கைக்கு எவ்வளவு நீள மேசை வேண்டும் என்று அப்போது சொல்கிறேன்.