வசூல் பட்டியலைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள், டீச்சர்

கேள்வி: அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு இரக்க குணம் வரட்டும் என்று பக்கத்து ஊர் முதியோர் இல்லத்துக்கு நிதி திரட்டுகிறோம். யார் எவ்வளவு தந்தார்கள் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அதிகம் தருபவருக்குப் பரிசு என்று ஹெச்.எம். அறிவித்துவிட்டார். அதிலிருந்து ஒரு பையன் பள்ளிக்கே வரவில்லை. வீட்டில் பணம் கேட்கப் பயமாம். இதைத் தொடரலாமா?

பதில்: தாராளமாகத் தொடருங்கள். ஆனால் நாளைக்கே அந்தப் பட்டியலை எடுத்துவிடுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை கொண்டுவரும் நூறு ரூபாய் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து வந்தது. அதற்குப் பரிசு கொடுத்தால், நாம் கைதட்டுவது அவர் சம்பளத்துக்குத்தான்.

வசூல் மட்டும் செய்தால் பிள்ளைகள் மனதில் எதுவும் தங்காது. 1949 முதல் டிசம்பர் 7-ஆம் தேதி கொடிநாள். காசு கொடுத்துக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் காசு முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் போகிறது என்று எத்தனை வகுப்பில் விளக்கிச் சொன்னார்கள்?

காமராசர் ஆட்சியில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பாருங்கள். பள்ளிக்கு என்னென்ன குறை என்று முதலில் கணக்கெடுத்தார்கள். அப்புறம்தான் ஊராரிடம் போனார்கள். மக்களும் பணமாகவும் பொருளாகவும் அள்ளிக் கொடுத்தார்கள். உங்கள் வகுப்பும் அந்த வரிசையிலேயே போகட்டும். இல்லத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள்: "உங்களுக்கு என்ன வேணும் பாட்டி?" நாம் பிஸ்கட்டும் பழமும் என்று நினைத்திருப்போம். அவர்கள் சோப்பு, தேங்காய் எண்ணெய், வழுக்காத செருப்பு என்று சொல்லக்கூடும். அதைக் கேட்டுக் கரும்பலகையில் எழுதும்போதே பாதிப் பாடம் நடந்துவிடும்.

பணத்துக்கு, வீட்டிலிருந்து காசு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய பேப்பரும் எழுதித் தீர்ந்த நோட்டும் கொண்டுவரட்டும். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பழைய பேப்பர் கடையில் போட்டால், யார் வீட்டிலிருந்து எவ்வளவு என்ற பேச்சே எழாது. எடை, விலை, மீதிச் சில்லறை எல்லாம் பிள்ளைகளே பார்க்கட்டும். வரவு செலவைப் பலகையில் எழுதிப் போடுங்கள். தொகை சின்னதாக இருந்தால் நாலு சோப்பு வாங்குங்கள், போதும்.

இல்லத்துக்குப் போகும்போது பெரியவர்களை வரிசையில் உட்கார வைத்துப் பையை நீட்டிப் போட்டோ எடுப்பது மட்டும் கூடவே கூடாது. வாங்குபவருக்குக் கூச்சம் என்று ஒன்று உண்டு. அதைப் பிள்ளைகள் அங்கேதான் கற்க வேண்டும். கண் மங்கிய தாத்தாவுக்கு ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டிப் பேப்பர் படிக்கட்டும். அவர் இடையில் திருத்துவார். தாயம் தெரிந்த பாட்டி விளையாடக் கற்றுத்தரட்டும். அப்போது பிள்ளைகளும் வாங்கிக்கொள்கிறவர்கள் ஆகிறார்கள்.

வகுப்பிலும் தினம் ஏதாவது இருக்கட்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். லீவு போட்டவனுக்கு அன்றைய பாடத்தைச் சொல்லித்தரலாம். ஆனால் ஒன்றில் கறாராக இருங்கள். கூட்டுவது, துடைப்பது என்றால் பெயர் வரிசைப்படி எல்லோருக்கும் முறை வர வேண்டும், ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல். குறிப்பிட்ட தெருப் பிள்ளைகள் கையிலேயே துடைப்பம் போய்ச் சேர்ந்தால், அது சேவை இல்லை, சாதி. கழிப்பறை வேலையை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள்.

அந்தப் பையன் வீட்டுக்கு நீங்களே நேரில் போங்கள். பணம் பற்றிப் பேச்செடுக்காமல், "பேப்பர் மூட்டையை எடை போட ஆள் வேணும், நாளைக்கு வாடா" என்று கூப்பிடுங்கள். அதற்கு முன் ஹெச்.எம்.மைத் தனியாகப் பார்த்துவிடுங்கள். பரிசை ரத்து செய்யச் சொன்னால் அவருக்குச் சங்கடமாக இருக்கும். அந்தத் தொகையில் வகுப்பு முழுவதும் இல்லத்துக்குப் போய்வர வண்டி ஏற்பாடு செய்யக் கேளுங்கள். சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.