கொக்கியில் மாட்டும்போது கோழி றெக்கை அடிக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: வாழப்பாடி பக்கம் சிறிய அளவில் பிராய்லர் கோழி வெட்டிச் சுத்தம் செய்யும் கூடம் வைத்திருக்கிறேன். தினமும் 800 கோழி. ஓடும் கொக்கியில் மாட்டும்போது றெக்கை அடித்து ஒரே தூசி. விளக்கை அணைத்தால் கோழி அடங்குகிறது. ஆனால் ஆட்கள் கண் தெரியவில்லை என்கிறார்கள். யார் பக்கம் பார்ப்பது?

பதில்: இரண்டு பக்கமும் பார்க்கலாம். அந்தத் தூசியைக் கிளப்புவதே றெக்கைதான். கோழி பதறாமல் இருந்தாலே உங்கள் ஆள் நிம்மதியாக மூச்சு விடுவார்.

வெள்ளை டியூப் லைட்டை எடுத்துவிட்டு நீல பல்பு போடுங்கள். நீல வெளிச்சத்தில் கோழி அமைதியாக இருக்கும், ஆளுக்கும் கொக்கி தெரியும். வாசலில் வெயில் விழாமல் கறுப்புப் படுதா கட்டுங்கள்.

விளக்கைவிட முக்கியம் கைப்பக்குவம். இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து மாட்ட வேண்டும். மாட்டியதும் சட்டென்று விடக்கூடாது. காலைப் பிடித்தபடியே இரண்டு நொடி நின்று, இன்னொரு கையால் நெஞ்சை மெல்லத் தடவி விட்டால் றெக்கை மடங்கிவிடும். 800 கோழிக்கும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கோழிக் கணக்கில் கூலி கொடுத்தால் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். நாள் கூலியாகவே கொடுங்கள். அப்புறம், கொக்கி போகும் வழி நெடுக நெஞ்சு உரசும்படி வழவழப்பான ரப்பர் பட்டை ஒன்று அடித்துவிடுங்கள். கோழிக்கு நம்மைப்போல நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரை (உதரவிதானம்) கிடையாது. தலைகீழாகத் தொங்கினால் குடலும் ஈரலும் காற்றுப்பைகளை அழுத்தி, மூச்சு விடச் சிரமப்படும். அதனால் மாட்டிய ஒரு நிமிடத்துக்குள் மயக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும்.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கோழி 2 கிலோ என்றால் தினமும் 1,600 கிலோ தூக்குகிறார்கள். கிரேட்டைத் தரையில் வைக்காதீர்கள், இடுப்பு உயரத்துக்கு மேடை போடுங்கள். கொக்கி நெஞ்சு உயரத்துக்கு மேல் போகக்கூடாது. அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். காற்று ஆளின் முதுகுப் பக்கமிருந்து கோழிப் பக்கம் போய், எதிர்ச் சுவரில் உள்ள எக்ஸாஸ்ட் வழியாக வெளியேற வேண்டும். பல இடங்களில் ஃபேனைத் திருப்பி வைத்து, தூசி முழுவதையும் ஆளின் முகத்திலேயே அடிக்க விடுகிறார்கள். பார்க்கவே வேதனையாக இருக்கும்.

யாருக்காவது லீவு நாளில் இருமல் குறைந்து, வேலைக்கு வந்ததும் திரும்பினால் தாமதிக்காமல் சேலம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கோழி வேலை செய்பவர் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.