பட்டனை அழுத்தினால் பழைய ஃபைல் திறக்கிறதே! எக்செல் மேக்ரோ கேள்வி-பதில்

திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைப் பதிந்துவைத்து எக்செல்லையே செய்யவைப்பதுதான் மேக்ரோ. அதை ரெக்கார்டு செய்வதில் யாருக்கும் பெரிய சிக்கல் இல்லை. அதற்கு ஒரு பட்டன் வைக்கும்போதுதான் தகராறு தொடங்குகிறது. வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்குமேல் அதைப் பற்றியவைதான்.

பட்டன் வைக்க டெவலப்பர் டேபுக்குப் போகச் சொல்கிறார்கள். என் எக்செல்லில் அப்படி ஒரு டேபே இல்லை. பழைய வெர்ஷன் என்பதாலா?

வெர்ஷன் காரணமில்லை. அந்த டேப் எல்லோருக்குமே மறைந்துதான் இருக்கும். ரிப்பன் (மேலே டேப்கள் இருக்கும் பட்டை) மேல் ரைட் கிளிக் செய்து ‘கஸ்டமைஸ் த ரிப்பன்’ போங்கள். வலப்பக்கப் பட்டியலில் ‘டெவலப்பர்’ என்பதை டிக் செய்தால் வந்துவிடும்.

ஆனால் பட்டனுக்காக மட்டும் அங்கே போக வேண்டியதே இல்லை. ‘இன்சர்ட்’ டேபில் ‘ஷேப்ஸ்’ எடுத்து ஒரு கட்டம் வரையுங்கள். அதன் மேல் ரைட் கிளிக், ‘அசைன் மேக்ரோ’, மேக்ரோ பெயர், ஓகே. பட்டன் தயார்.

‘சேமி’ பச்சையிலும் ‘அழி’ சிவப்பிலும் இருக்க வேண்டும் என்கிறார் முதலாளி. சாம்பல் நிறம் மாறவே மாட்டேன் என்கிறது.

நீங்கள் வைத்திருப்பது டெவலப்பர் டேபின் ‘இன்சர்ட்’டில் கிடைக்கும் ஃபார்ம் கன்ட்ரோல் பட்டன். அதில் எழுத்தின் நிறம், ஃபான்ட் எல்லாம் மாற்றலாம். பின்னணி நிறத்தை மாற்ற வழியில்லை. பக்கத்திலேயே இருக்கும் ஆக்டிவ்எக்ஸ் பட்டனில் நிறம் மாறும், ஆனால் அந்தப் பக்கம் போகாதீர்கள். மேக் கம்ப்யூட்டரில் அது வேலை செய்யாது. ஆஃபிஸ் 2024 முதல் பாதுகாப்புக் காரணத்துக்காக மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ்எக்ஸை ஆரம்பத்திலேயே அணைத்துவைத்துத்தான் தருகிறது.

மேலே சொன்ன ஷேப்தான் இதற்கும் விடை. என்ன நிறமும் கொடுக்கலாம், நிழல்கூட வைக்கலாம். மேக்ரோ இணைத்த பிறகு அதைக் கிளிக் செய்தால் மேக்ரோ ஓடிவிடும் என்பதால், நிறம் மாற்ற வேண்டுமானால் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு கிளிக் செய்து தேர்ந்தெடுங்கள். ஆல்ட் கீயோடு இழுத்தால் செல் ஓரத்தோடு ஒட்டி நேராக நிற்கும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஷேப்பைத் தேர்ந்தெடுத்து, ஃபார்முலா பாரில் சமக்குறி போட்டு ஒரு செல்லைச் சுட்டினால், அந்தச் செல்லில் இருப்பது பட்டன் மேல் தெரியும். செல்லில் ஃபார்முலா எழுதி, ‘நிலுவை பில்: 7’ என்று தானாக மாறும் பட்டன் வைத்துப் பாருங்கள். முதலாளி பச்சையை மறந்துவிடுவார்.

ஃபில்டர் போட்டதும் பட்டன் நசுங்கிக் கோடாகிவிடுகிறது.

வரிசை மறையும்போது அதன் மேல் இருக்கும் ஷேப்பும் சேர்ந்து சுருங்குகிறது. ‘ஃபார்மட் ஷேப்’பில் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதிக்குப் போய், ‘டோன்ட் மூவ் ஆர் சைஸ் வித் செல்ஸ்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். அங்கேயே ‘பிரின்ட் ஆப்ஜெக்ட்’ டிக்கையும் எடுத்துவிட்டால் பட்டன் பிரின்ட்டில் வராது.

பில் ஷீட்டை மட்டும் காப்பி செய்து புது ஃபைல் தொடங்கினேன். பட்டனை அழுத்தினால் போன மாத ஃபைல் திறக்கிறது.

மேக்ரோ எந்த ஃபைலில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பட்டன் ஞாபகம் வைத்திருக்கும். ஷீட்டைக் காப்பி செய்தபோது பட்டன் கூடவே வந்துவிட்டது. மேக்ரோவின் கட்டளைகள் இருக்கும் பகுதியான மாட்யூல் பழைய ஃபைலிலேயே தங்கிவிட்டது. அதனால் அழுத்தும்போதெல்லாம் அது பழைய வீட்டைத் தேடிப் போகிறது. பழைய ஃபைலை யாராவது நகர்த்திவிட்டால் ‘மேக்ரோவை ஓட்ட முடியவில்லை’ என்ற எச்சரிக்கை வரும்.

இப்போதைக்கு இரண்டு ஃபைலையும் திறந்துவைத்து ஆல்ட் + எஃப்11 அழுத்துங்கள். விபிஏ (மேக்ரோ எழுதப்படும் மொழி) எடிட்டர் திறக்கும். இடப்பக்கப் பட்டியலில் பழைய ஃபைலின் மாட்யூலைப் பிடித்து இழுத்துப் புது ஃபைலின் மேல் போடுங்கள். பிறகு பட்டனில் ‘அசைன் மேக்ரோ’ போய், கீழே ‘திஸ் ஒர்க்புக்’ என்று மாற்றி, மேக்ரோவைத் திரும்பத் தேர்ந்தெடுங்கள். புது ஃபைலை எக்ஸ்எல்எஸ்எம் வகையாகச் சேமிக்க வேண்டும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்தால் மேக்ரோ போய்விடும், வெறும் பட்டன்தான் மிஞ்சும்.

அடுத்த மாதத்திலிருந்து ஷீட்டைக் காப்பி செய்யாமல் முழு ஃபைலையும் ‘சேவ் ஆஸ்’ செய்யுங்கள். பட்டனும் மேக்ரோவும் ஒன்றாகவே வரும்.

ஷீட் பெயர் ‘விற்பனை’. ரெக்கார்டு செய்யும்போது ஒழுங்காக ஓடியது. பட்டனை அழுத்தினால் ‘ரன்-டைம் எரர் 9’.

தமிழில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது முட்டிக்கொள்ளும் இடம் இது. ஷீட்டிலும் பட்டன் மேலும் தமிழ் அழகாக வரும். ஆனால் விபிஏ எடிட்டர் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) தெரியாத பழைய சரக்கு. தமிழ் எழுத்தை அதற்குப் பிடித்துவைக்கத் தெரியாது. ஆல்ட் + எஃப்11 அழுத்திப் பாருங்கள், ‘விற்பனை’ இருக்க வேண்டிய இடத்தில் ‘???????’ என்று இருக்கும். அந்தப் பெயரில் ஷீட் எதுவும் இல்லை என்பதைத்தான் எரர் 9 சொல்கிறது.

ஷீட் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றத் தேவையில்லை. எடிட்டரின் இடப்பக்கத்தில் ஒவ்வொரு ஷீட்டுக்கும் இரண்டு பெயர் தெரியும். அடைப்புக்குள் இருப்பது நீங்கள் வைத்தது. அதற்கு முன்னால் ‘ஷீட்1’ என்பதுபோல் ஆங்கிலத்தில் இருப்பது கோடு நேம். மேக்ரோவில் கேள்விக்குறிகள் உள்ள ‘ஷீட்ஸ்’ பகுதியை அடைப்புக்குறியோடு அழித்துவிட்டு அந்தக் கோடு நேமை எழுதுங்கள். நாளைக்கு ஷீட் பெயரை யாராவது மாற்றினாலும் மேக்ரோ நிற்காது.

இதே காரணத்தால் மேக்ரோ திரையில் காட்டும் மெசேஜ் பாக்ஸிலும் தமிழ் கேள்விக்குறியாகத்தான் வரும். வாசகத்தைச் செல்லில் எழுதிவைத்து மேக்ரோவைப் படிக்கச் சொன்னாலும் பலனில்லை, மெசேஜ் பாக்ஸே தமிழைக் காட்டாது. தமிழில் கேட்டே ஆக வேண்டுமென்றால் சின்னதாக ஒரு யூசர்ஃபார்ம் (எடிட்டரில் நாமே வடிவமைக்கும் பெட்டி) வைத்து, அதன் லேபிளுக்குச் செல்லில் உள்ள வாசகத்தைக் கொடுங்கள். ஃபான்ட் ‘நிர்மலா யுஐ’ போதும்.

பேங்க் ஸ்டேட்மென்டைத் தினமும் டவுன்லோடு செய்து ஒரே மாதிரி சரிசெய்கிறேன். ஒவ்வொரு ஃபைலிலும் பட்டன் வைக்க முடியுமா?

ஃபைலில் வைக்காதீர்கள், எக்செல்லில் வையுங்கள். ரெக்கார்டு செய்யும்போது ‘ஸ்டோர் மேக்ரோ இன்’ என்ற இடத்தில் ‘பர்சனல் மேக்ரோ ஒர்க்புக்’ என்று தேர்ந்தெடுங்கள். பிறகு ஃபைல், ஆப்ஷன்ஸ், ‘குவிக் ஆக்சஸ் டூல்பார்’. மேலே ‘மேக்ரோஸ்’ என்று மாற்றினால் உங்கள் மேக்ரோ பட்டியலில் வரும்; ‘ஆட்’ கொடுங்கள். ‘மாடிஃபை’ அழுத்தினால் ஐகானையும் பெயரையும் மாற்றலாம். டூல்பாரில் முதல் இடத்தில் வைத்தால் ஆல்ட் + 1 அழுத்தினாலே ஓடும்.

எக்செல்லை மூடும்போது பர்சனல் ஒர்க்புக்கைச் சேமிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் ‘நோ’ அழுத்தினால் மேக்ரோ போச்சு. பக்கத்து சீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் இந்தப் பட்டன் இருக்காது, அது உங்கள் கம்ப்யூட்டரோடு சரி.

‘சேமி’ என்று நினைத்து ‘அழி’யை அழுத்திவிட்டேன். கன்ட்ரோல் + இசட் வேலை செய்யவில்லை.

செய்யாது. மேக்ரோ ஷீட்டில் கை வைத்ததும் அன்டூ பட்டியல் காலியாகிவிடும். ஃபைலைச் சேமிக்காமல் மூடித் திறப்பதுதான் ஒரே வழி; மேக்ரோவே சேமித்துவிட்டால் அதுவும் இல்லை. அழிக்கும் மேக்ரோவின் முதல் வரியிலேயே ‘எஸ் / நோ’ கேட்கும் மெசேஜ் பாக்ஸ் வைத்து, என்டர் தட்டினால் ‘நோ’ ஆகும்படி அமையுங்கள். பச்சையையும் சிவப்பையும் ஒட்டி ஒட்டி வைக்கவும் வேண்டாம்.

ஆடிட்டருக்கு மெயிலில் அனுப்பினேன். அவரிடம் சிவப்புப் பட்டை வந்து பட்டன் வேலை செய்யவில்லை.

இணையம் வழியாக வரும் ஃபைலில் மேக்ரோவைத் தடுத்துவைப்பது 2022 முதல் ஆஃபிஸின் வழக்கம். அவர் ஃபைலை டிஸ்கில் சேமித்து, ரைட் கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’, கீழே ‘அன்பிளாக்’ டிக் செய்தால் போதும். ‘எல்லா மேக்ரோவையும் அனுமதி’ என்று செட்டிங்கை மாற்ற மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் ஃபைலுக்காகத் திறந்த கதவு, அடுத்து வரும் வைரஸ் ஃபைலுக்கும் திறந்தே இருக்கும்.

போனில் எக்செல் திறந்து பட்டனை அழுத்தலாமா?

அழுத்தலாம், ஒன்றும் நடக்காது. போன் ஆப்பில் விபிஏ ஓடாது. கூகுள் ஷீட்ஸிலும் படம் வைத்துச் செய்த பட்டன் போனில் வேலை செய்யாது. அங்கே செக்பாக்ஸ் ஒன்று வைத்து, டிக் செய்தால் ஓடும்படி ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளலாம்.