சிலம்ப வகுப்பில் ஆசான் ஒரு மாதமாக வேடிக்கை மட்டும் பார்க்க வைக்கிறார். கட்டிய பணம் வீணா?

வீணில்லை. ஆனால் உங்கள் எரிச்சல் எனக்குத் தெரியும். 36 வயதில் சிலம்பம் சேர்ந்து, பத்து வயதுப் பிள்ளைகள் சுற்றுவதை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மூன்று வாரம் பார்த்தவன் நான். நீங்களும் என்னைப் போல வேலைக்குப் போகிறவராக, தொப்பை கரையட்டும் என்று சேர்ந்தவராகத்தான் இருப்பீர்கள்.

புருவ உயரத்துக்கு அளந்து வாங்கிய கம்பு வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றது. எனக்குக் கிடைத்தது காலடி வரிசை மட்டும், அதுவும் வெறுங்கையோடு. நான்காம் வாரம் ஆசான் என்னைத் திரும்பி உட்காரச் சொன்னார். முதுகுக்குப் பின்னால் இரண்டு பையன்கள் சுற்றினார்கள்.

"எவன் தப்பாகச் சுற்றுகிறான், சொல்லுங்கள் தம்பி."

குத்துமதிப்பாக ஒருவனைச் சொன்னேன். தவறு. மறுநாளும் தவறு. ஐந்தாவது நாள்தான் காதுக்குப் பிடிபட்டது. ஒரு கம்பு 'ஊம்ம்' என்று ஒரே சீராக இழுத்தது. மற்றது இடக்கைக்கு மாறும் இடத்தில் மட்டும் சற்று அமுங்கி எழுந்தது. மணிக்கட்டு அங்கே இறுகுகிறது. சிலம்புதல் என்றாலே ஒலித்தல்தான். பெயரிலேயே இருந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

இன்னொன்றும் கேட்டது. அந்தப் பையனின் வீச்சு வருவதற்குச் சற்று முன்பே குதிகால் மண்ணில் 'சரக்' என்று உரசும். பிறகு அவனோடு என்னை விளையாட விட்டபோது, அந்தச் சத்தத்தை வைத்துத்தான் முதல் வீச்சைத் தடுத்தேன். இரண்டாவது வீச்சு விரல் முட்டியில் விழுந்து, ஒரு வாரம் சோறு பிசைய முடியவில்லை.

'குருபக்தி, மண்ணாங்கட்டி' என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு: சொல்லித்தரத் தெரியாததை மறைக்க உட்கார வைக்கும் ஆட்களும் உண்டு, மறுக்கவில்லை. பார்த்ததைப் பற்றி ஆசான் உங்களைக் கேள்வி கேட்கிறாரா? இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். மற்றபடி இது நம்மூர்ச் சோம்பேறித்தனம் இல்லை. ஜப்பானியர் கெண்டோ என்ற வாள் பயிற்சியில் பார்த்தே பயில்வதற்கு மிதோரி கெய்கோ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். களரியில் ஆசானான குருக்கள் சொல்லும் வாய்த்தாரியை, அதாவது வாய்வழிக் கட்டளைகளை, கேட்டுத்தான் மாணவர் அசைகிறார்.

என் வயிற்றெரிச்சல் வேறு. 2021இல் தமிழக அரசு அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்தது, நல்லதுதான். ஆனால் இப்போது சான்றிதழுக்கென்றே ஒரு கூட்டம் அலைகிறது. என் அண்ணன் மகனை 'உலக சாதனை' என்று இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்தி, ஒரே சுற்றையே சுற்ற வைத்து, கேடயத்துக்கு 1,500 ரூபாய் வாங்கினார்கள். அண்ணன் அதைக் கைப்பேசியில் எடுத்து, மேலே ஒரு சினிமாப் பாட்டை ஒட்டி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். கம்புச் சத்தம் மருந்துக்கும் கேட்கவில்லை.