ரோட்டவேட்டர் ஷாஃப்ட்டை ஸ்லாஷருக்கு மாட்டலாமா?

கேள்வி: காடாம்புலியூர் பக்கம் ஐந்து ஏக்கர் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறேன். தானே புயலில் சாய்ந்த பிறகு மறுபடி நட்டது. கொட்டை விழுவதற்குள் புல், புதரை வெட்டிவிட ஐந்தடி ஸ்லாஷர் ஒன்றைப் பழசாக வாங்கினேன். அதோடு, டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் வரவில்லை. மண் கிளறும் ரோட்டவேட்டரின் ஷாஃப்ட்டையே மாட்டி ஓட்டினால், தூக்கும்போது கடகடவென்று அதிர்கிறது. கருவி மாட்டும்போது அண்ணன் மகன் நடுவில் நின்று துளையைச் சேர்ப்பான், நான் ரிவர்ஸ் வருவேன். ஷாஃப்ட் இதுவே போதுமா, மாற்ற வேண்டுமா?

பதில்: ஷாஃப்ட்டைப் பிறகு பார்க்கலாம், முதலில் அண்ணன் மகனை அந்த இடத்திலிருந்து வெளியே கூப்பிடுங்கள். டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவே ஆளை நிறுத்திக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பது நம் ஊர்களில் பழகிப்போன காரியம். கிளட்ச்சில் கால் வழுக்கி வண்டி ஒரு சாண் பின்னால் வந்தாலே விலா எலும்பு நொறுங்கிவிடும். வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால், சக்கரத்துக்கு வெளியே, உங்கள் கண்ணில் படும் இடத்தில் அவர் நிற்கட்டும்.

ஸ்லாஷரைச் சமதரையில், ஆடாதபடி கட்டை கொடுத்து வையுங்கள். குறைந்த கியரில் நேராகப் பின்னால் வந்து, லோயர் லிங்க் என்ற கீழ்க்கை இரண்டும் கருவியின் மாட்டுமுளைக்கு (பின்) நேராக வந்ததும் நிறுத்துங்கள். நியூட்ரல், பிரேக் பூட்டு, எஞ்சின் நிறுத்தம், சாவி சட்டைப் பையில். அதன்பிறகுதான் யாரும் நடுவில் போக வேண்டும். துளை சேரவில்லையென்றால் வெளியே வந்து, மறுபடி ஏறி, வண்டியை நகர்த்துங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் இதில் குறுக்குவழி வேண்டாம்.

இடது லிங்க்கை முதலில் மாட்டுங்கள். வலது பக்கத்தை லெவலிங் கைப்பிடியால் ஏற்றி இறக்கிச் சேர்க்க முடியும் என்பதால் அது இரண்டாவது. மேல்கையான டாப் லிங்க் மூன்றாவது, ஷாஃப்ட் கடைசி. சிறிய கருவிகளின் கீழ்ப்பின் 22 மி.மீ., அதற்கடுத்த அளவு 28 மி.மீ. பெரிய துளையில் சின்னப் பின் லொடலொடவென்று ஆடினால் புஷ் (இடைவெளியை நிரப்பும் வளையக் குழல்) போட்டு மாட்டுங்கள். மாட்டியது கழலாமல் பூட்டும் லிஞ்ச் பின் தொலைந்த இடத்தில் ஆணியையோ கட்டுக்கம்பியையோ முறுக்கி விடுவதைப் பல தோப்புகளில் பார்க்கிறேன். அது கழன்றால் சுழலும் கத்தியோடு கருவி ஒரு பக்கம் சாயும். செக் செயினையும் இறுக்கிவிடுங்கள், கருவி பக்கவாட்டில் ஆடி டயரில் இடிக்கக் கூடாது.

இப்போது ஷாஃப்ட். ஸ்பிளைன் (முனையின் பல்வரிசை) பொருந்திவிட்டது என்பதற்காக நீளமும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். நீளம் அதிகமானால், ஏற்றி இறக்கும்போது ஒரு நிலையில் குழாய் முட்டி, கியர்பாக்ஸ் பேரிங்கையோ டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டையோ உடைக்கும். குறைவானால், ஓடும்போதே இரண்டாகப் பிரிந்து இரும்புத் தடியாகச் சுழன்று அடிக்கும்.

அளப்பது இப்படி. ஷாஃப்ட்டை இரு பாதியாக உருவி, ஒன்றை டிராக்டரிலும் மற்றதைக் கருவியிலும் மாட்டிப் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். பி.டி.ஓ.வை நிறுத்தி வைத்தபடி கருவியை மெல்ல ஏற்றி இறக்கி, இடைவெளி எங்கே மிகக் குறைவு, எங்கே மிக அதிகம் என்று குறியுங்கள். ஒவ்வொரு முறை கிட்டே போகும்போதும் எஞ்சின் நின்றிருக்க வேண்டும், தூக்கிய கருவிக்கு அடியில் மரக்கட்டை இருக்க வேண்டும். தூக்கும் லிவரில் கை பட்டால், எஞ்சின் ஓடாவிட்டாலும் கருவி பொத்தென்று இறங்கும். மிகக் குறுகிய நிலையில் இரு முனையிலும் ஓர் அங்குலமாவது இடம் இருக்கட்டும். மிக நீண்ட நிலையில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கட்டும். நீளம் கூடினால் உள்குழாய், வெளிக்குழாய், மேலுறை எல்லாவற்றிலும் ஒரே அளவு வெட்டி, பிசிறு அராவி, கிரீஸ் வைக்க வேண்டும். லேத் பட்டறையில் கொடுப்பதே நல்லது. குறைந்தால் வேறு ஷாஃப்ட்தான். வெல்டிங் வைத்து நீட்டாதீர்கள்.

தூக்கும்போது அதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஷாஃப்ட் முனையின் மடங்கும் மூட்டான கிராஸ் அதிகக் கோணத்தில் மடங்குவதுதான். வரிசை முடிவில் திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். கருவியைத் தரையில் வைத்து ஓட்டும்போதும் அதிர்ந்தால், இரு பாதியின் உள்யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சதுரக் குழாயை ஒரு பக்கம் திருப்பிச் செருகிவிட்டால் அவை குறுக்கும் நெடுக்குமாகி ஆட்டம் கொடுக்கும். செருகியதும் யோக்கின் பூட்டு ஊசி டக்கென்று வெளியே வந்ததா என்று, இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பழைய ஷாஃப்ட்டில் பிளாஸ்டிக் மேலுறை இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே வாங்குங்கள். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. சாதாரணத் தடிமனுள்ள குழாயே ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் துணியைச் சுற்றிக்கொள்ளும். நாலு முழ வேட்டியின் நீளமே அவ்வளவுதான். “ஐயோ” என்று கத்தக்கூட அவகாசம் கிடைக்காது. வேட்டி, லுங்கி, தோளில் துண்டு எதுவும் வேண்டாம். பேண்ட்டும் உடம்போடு ஒட்டிய சட்டையும் போதும்.

ஹைட்ராலிக்கில், கருவியின் உயரத்தை நிலைநிறுத்தும் பொசிஷன் லிவரைப் பயன்படுத்துங்கள், டிராஃப்ட் லிவர் கலப்பைக்கு. டாப் லிங்க்கைச் சரிசெய்து, ஸ்லாஷரின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்கும்படி வையுங்கள். தூக்கினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிபடவில்லையென்றால், முன்னால் எடைக்கட்டு தேவை.

வெட்டத் தொடங்குமுன் தோப்பை ஒரு நடை சுற்றிவந்து, புல்லுக்குள் மறைந்த அடிக்கட்டைகளுக்குக் குச்சி நட்டு வையுங்கள். கத்தி அடித்த கல் தோட்டா மாதிரி பறக்கும். கொட்டை பொறுக்க வருகிறவர்களும் பிள்ளைகளும் நூறு மீட்டருக்குள் இருக்க வேண்டாம். பி.டி.ஓ.வை நிறுத்திய பிறகும் கத்தி சிறிது நேரம் சுற்றும் என்பதால், புல் சிக்கினாலும் எஞ்சினை அணைத்து, சுழற்சி முழுதும் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே இறங்குங்கள்.

புது ஷாஃப்ட் வாங்கப் போவதானால் ஸ்பிளைனின் பற்களை எண்ணி (நம் டிராக்டர்களில் பெரும்பாலும் ஆறு), அளந்த இரண்டு நீளங்களையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஷியர் போல்ட் (பாரம் மிஞ்சினால் அறுந்து கருவியைக் காக்கும் போல்ட்) உள்ள முனை கருவிப் பக்கம் வரட்டும். அது அறுந்தால் அதே தரத்து போல்ட்டையே போடுங்கள்.